தலைமுழுகிட்டேன் என்று சொன்னாயே

தம்பி, போன வெள்ளிக்கிழமை டெலிபோன் பூத்தில் நின்று உன்னோடு பேசினேன் இல்லையா, நீ வைத்த பிறகும் நான் வைக்கவில்லை. பூத்து நடத்துகிற அம்மா, "அக்கா, அந்தப் பக்கம் வச்சிட்டாங்க, நீங்களும் வச்சிடுங்க" என்று சொன்ன பிறகுதான் வைத்தேன். கடைசியாக நீ சொன்னது காதுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. "செல்வியை நான் தலைமுழுகிட்டேம்மா. இனிமே அவ பேச்சை எங்கிட்ட எடுக்காதே." கூடப்பிறந்த தங்கச்சியைச் சொன்னாய். செருப்பைக் கழற்றி வாசலில் விடுகிற மாதிரி அவ்வளவு சுலபமாகச் சொன்னாய். பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும், நான் அழுதால் நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நாலாவது வரைக்கும் படித்தவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், நிதானமாகப் படி.

சண்டை எதனால் என்று நமக்குத் தெரியும். உங்கப்பா விட்டுப்போன ஏழு மா நிலத்தை விற்றுக் கோயம்புத்தூரில் வீடு கட்ட வேண்டும் என்கிறாய். உன் தங்கச்சி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். யார் பக்கம் நியாயம் என்று இந்தக் கடிதத்தில் நான் சொல்லப் போவதில்லை. நிலம் இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும். எனக்கு வேண்டியது வேறு. வருகிற ஆவணியில் வேதாரண்யத்தில் செல்வி தன் மகளுக்குக் காது குத்துகிறாள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடி உன்னுடையது. வரமாட்டேன் என்று நீ சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை, கோபத்தில் யாரும் சொல்வதுதான். அதற்கு மேலே இந்த வார்த்தையைத் தூக்கிப் போட்டாயே, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

இந்த வார்த்தை ஊரில் மலிவாகக் கிடக்கிறது, எனக்கும் தெரியும். பின்தெரு நடேசன் தேர்தலுக்குத் தேர்தல் ஒரு கட்சியைத் தலைமுழுகிவிட்டு இன்னொரு கட்சிக்குப் போவார். "நடேசா, ஒனக்குத் தலை காயறதுக்கே நேரமில்லையே, ஜன்னி வந்துடப்போவுதுடா" என்று உங்கப்பா கேலி செய்வார். உங்கப்பா மட்டும் என்ன. பீடியைத் தலைமுழுகியாச்சு என்று தை மாதம் சத்தியம் செய்வார், மாசியில் வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து புகை வரும். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் நம் ஊர்க்காரர்கள் குறுவையைத் தலைமுழுகிவிட்டோம் என்பார்கள், மறுவருஷம் தண்ணீர் திறந்த செய்தி வந்ததும் அவர்களேதான் முதலில் நாற்று விடுவார்கள். பீடியையும் பயிரையும் கட்சியையும் சொல்கிறவரை அது வெறும் பேச்சு. ஆளைச் சொல்லும்போது அது பேச்சு இல்லை தம்பி. செத்தவர்களுக்குச் செய்கிற காரியம் அது. பிணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஆற்றில் முழுகிவிட்டு வருகிறோமே, அதையே உயிரோடு இருக்கிற ஒருத்தருக்குச் செய்வது. நீ வார்த்தையைத்தான் கேட்டிருக்கிறாய், அதைச் செய்து பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். எனக்காக ஒருவர் முழுகினார். கையில் கஞ்சிக் கலயத்தோடு நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் அண்ணன், உனக்குத் தாய்மாமன். நீ அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஆத்தா சின்ன வயதிலேயே போய்விட்டதால் எனக்குத் தலை வாரிவிட்டதும் அவர்தான், என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். மிராசுதார் ஒருவரிடம் காரியக்காரராக இருந்தார். நிலங்களைச் சுற்றிப் பார்த்து, குத்தகை நெல்லை அளந்து வாங்கிக் களஞ்சியத்தில் சேர்க்கிற வேலை. அதே மிராசுதாரிடம் ஏழு மா குத்தகைக்குச் செய்துகொண்டிருந்த உங்கப்பாவை அவரேதான் மாப்பிள்ளையாகப் பிடித்தார். "நல்ல உழைப்பாளிம்மா, வாய்தான் கொஞ்சம் நீளம்" என்று என்னிடம் சொன்னார். பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு வேகவைத்து, நார் உரித்து உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டே இருப்பார். தனக்கு வைத்துக்கொள்ள மாட்டார். எனக்கு அதில் அவ்வளவு ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் பொங்கலுக்கும் வரிசைப் பொருள்களோடு சாக்கு நிறையக் கிழங்கு கொண்டுவந்தார். அதுதான் நான் கடைசியாக அவர் கையால் வாங்கித் தின்றது.

மறுவருஷம் எல்லாம் மாறிப்போனது. ஆட்சி மாறி, குத்தகைக்கு உழுகிறவர்கள் தாலுகா ஆபீசில் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் சுலபத்தில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. பதியப் போக எல்லாருக்கும் பயம். உங்கப்பா முதல் ஆளாகப் போய்ப் பதிந்தார். அந்த நிலத்தை நான் யாருக்கும் குத்தகைக்கே விடவில்லை என்று மிராசுதார் சொல்லிவிட்டார். தை பிறக்கச் சில நாள் இருக்கும்போது வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நம் கதிரை அறுக்க இறக்கினார். ரோட்டில் போலீஸ் வேன் நின்றது. வரப்பில் சிவப்புக் கொடியோடு நம் ஆட்கள் நின்றார்கள். நடுவில் வந்து நின்றவர் என் அண்ணன், காரியக்காரர் அவர்தானே.

"மாப்ள, பேரை மட்டும் எடுத்துடுங்க. நெல்லை முழுசா நீங்களே அறுத்துக்குங்க. ஐயாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் அண்ணன்.

"பேரு இருந்தாத்தான் மச்சான் நெல்லு. எடுத்துட்டா, அடுத்த வருஷம் நீங்களே வந்து வயல்ல எறங்காதேன்னு சொல்லுவீங்க."

"நான் சொல்லுவேனா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. உங்க வாய் சொல்லும். வாய் அவருதுதானே."

மிராசுதார் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி அங்கிருந்தே கேட்டார். "என்னய்யா, மச்சானும் மாப்ளயும் நின்னு சம்பந்தம் பேசுறீங்களா? தங்கச்சி புருஷன்னுதானே நிலத்தை அவன் கையிலயே விட்டுவைக்கச் சொன்னே. இப்பச் சொல்லு. அந்த வீடா, இந்த வேலையா?"

அண்ணன் துண்டை எடுத்து வரப்பில் வைத்தார். சட்டையோடு வாய்க்காலில் இறங்கினார். அறுப்புக் காலம், வாய்க்காலில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, சேறுதான். நின்று முழுக முடியாது. உட்கார்ந்தார். உட்கார்ந்தும் தலை நனையவில்லை. இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார். அறுக்க வந்த வெளியூர் ஆள் ஒருவன் சிரித்தான். மூன்று தடவை ஊற்றிக்கொண்டு எழுந்தார். மூக்கு நுனியில் சேறு சொட்டிக்கொண்டிருந்தது. காரைப் பார்த்து, "எனக்குத் தங்கச்சி இல்லைங்க" என்றார். நான் அந்தக் கலயத்தில் உங்கப்பாவுக்குக் கொண்டுவந்த கஞ்சியோடு அவருக்கும் சேர்த்துத்தான் ஊற்றி வந்திருந்தேன், அவருக்குப் பிடிக்கும் என்று மோர்மிளகாய் வறுத்து இலையில் முடிந்திருந்தேன். பெயரைப் பதிந்தபோது உங்கப்பாவும் என்னைக் கேட்கவில்லை, முழுகியபோது அண்ணனும் என்னைக் கேட்கவில்லை.

அந்த அறுப்பு எப்படி நின்றது, வழக்கு எப்படி இழுத்தது, மிராசுதாரின் மகன் காலத்தில் எப்படி நம் பெயருக்கே கிரயம் ஆனது என்பதையெல்லாம் உங்கப்பா சொல்லிச் சொல்லி உனக்கு மனப்பாடம். அவர் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று சாயங்காலமே அண்ணன் ஒரு வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினார். அவர் வாசலில் நின்று, "வாய்க்கால் முழுக்கெல்லாம் முழுக்குல சேத்தி இல்லையாம். ஆத்துல முழுகுனாத்தான் கணக்காம். தங்கச்சி மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு" என்றார். உங்கப்பா, "சேத்துத் தண்ணியோ ஆத்துத் தண்ணியோ, தலை நனைஞ்சுதா இல்லையா?" என்று கேட்டார். வண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். பொங்கல் வருகிறது, வரிசை எடுத்துக்கொண்டு அவரே வரட்டும், அத்தனை பேர் முன்னால் சொன்னவர் அத்தனை பேர் பார்க்க வாசலுக்கு வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நான் பதில் சொல்லி அனுப்புவேன் என்று அவர் அங்கே நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

பொங்கலுக்கு முதல் நாள் வாசலில் பெரிய கோலமாகப் போட்டேன். வந்தார்கள், ஆனால் எனக்கு இல்லை. உன் சித்தி சரோஜாவை அந்த வருஷம்தான் சித்தப்பாவுக்குக் கட்டியிருந்தது. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவளுக்குத் தலைப்பொங்கல். அண்ணன்மார் மூன்று பேரும் கரும்புக் கட்டும் மஞ்சள்கொத்தும் புதுப்பானையும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு, தெரு முனையிலிருந்தே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தார்கள். சின்னப் பெண், கள்ளமில்லாமல்தான் கேட்டாள், "அக்கா, உங்க வீட்டுலேர்ந்து இன்னும் வரலியா?" "வண்டி மாட்டுக்குச் சொகமில்லையாம்" என்றேன். அவளுடைய கரும்பை எங்கள் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அது விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விழவில்லை. போகிற போக்கில் காலால் தட்டிவிட்டேன், விழுந்தது. எடுத்து வைக்கவும் நானே குனிய வேண்டியிருந்தது.

ஒரு வருஷத்தோடு அது ஓயவில்லை தம்பி. ஒவ்வொரு தையிலும் அந்த மணிச்சத்தம் கேட்கும். பொறாமையை நான் மறைத்து எழுதப் போவதில்லை. அந்த மூன்று பேரில் ஒருவனாவது குடிகாரனாகப் போகக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். கரும்பு புளிக்க வேண்டும், பானை அடுப்பில் விரிய வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். நீ பிறந்து நடக்கத் தொடங்கியதும் சித்தி உனக்கு இரண்டு கரும்பு கொடுத்தனுப்பினாள். "பல்லு கெட்டுப்போகும்" என்று திருப்பி அனுப்பினேன். கரும்பு விளைகிற பூமியில் கரும்பு தின்னாமல் வளர்ந்த பிள்ளை நீ ஒருத்தன்தான். உனக்குக் காது குத்தினபோது யார் மடியில் உட்கார்ந்தாய் என்று உனக்குத் தெரியுமா? சரோஜாவின் நடு அண்ணன் மடியில். நீ அவர் மீசையைப் பிடித்து இழுத்தாய், எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். உங்கப்பா போனபோது எனக்குக் கோடிப் புடவை போட வேண்டியது பிறந்த வீடு. போட்டது சரோஜாவின் பெரியண்ணன். நல்ல மனுஷர், தானாக வாங்கிவந்து, "நானும் ஒங்க அண்ணன்தாம்மா" என்று தோளில் போட்டார். புருஷன் செத்துக் கிடக்கிற நேரத்தில், எனக்கு அந்தப் புடவைதான் தோளில் எரிந்தது. என் வாழ்நாள் முழுக்க அண்ணனை இரவல் வாங்கியே கழித்தேன்.

இந்த மாசியில் என்ன நடந்தது என்று உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வார்த்தையை நீ சொல்லியிருக்க மாட்டாயோ என்னவோ. நீடாமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அங்கே ரயில்வே கேட்டில் பஸ் நின்றால் சீக்கிரம் நகராதே. ஜன்னலுக்கு வெளியே சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது, பசைகூடக் காயவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறதற்கு முன்னால் படத்தைப் பார்த்துவிட்டேன். கன்னம் ஒட்டி, தலை நரைத்துப்போயிருந்தது. ஆனால் இடது புருவத்தில் அந்தத் தழும்பு. எனக்காகப் பனங்கிழங்கு பிடுங்கும்போது மண்வெட்டி பட்ட தழும்பு. இரண்டு தடவை பெயரைக் கூட்டிப் படித்தேன். மகன் நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்து அங்கேயே வீடு கட்டியிருக்கிறானாம், அவனோடுதான் இருந்திருக்கிறார். நம் வீட்டிலிருந்து அரைமணி நேரம். சாவு சொல்ல நம் வீட்டுக்கு யாரும் வரவில்லை. தலைமுழுகின வீட்டுக்குச் சொல்கிற வழக்கமில்லை.

நான் இறங்கினேன். "ஆயா, கேட்டு தொறக்கப் போறாங்க, எங்க எறங்குறே?" என்றான் கண்டக்டர். "எங்கண்ணன் வீட்டுக்கு" என்றேன். அந்த இரண்டு வார்த்தையை எத்தனை காலத்துக்குப் பிறகு சொல்கிறேன் என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

வாசலில் பந்தல் போட்டு, நடுவில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் ஒருத்தர் தோளை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் எப்படி, புதிதாக யார் வந்தாலும் கையை நீட்டி இழுத்துக் கட்டிக்கொள்வார்கள். எனக்கு யாரும் கையை நீட்டவில்லை. அண்ணி தலையைக் கவிழ்த்திருந்தார், ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி கவிழ்த்துக்கொண்டார். தெரிந்துதான் கவிழ்த்துக்கொண்டாரா, தெரியாமலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தலைமாட்டில், கூடப்பிறந்தவள் உட்கார வேண்டிய இடத்தில், ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இளையவள், கொஞ்சம் பருமன். "கூப்ட்ட கொரலுக்கு ஓடியாந்த அண்ணா, இனிமே தையில எந்த வாசலப் பாப்பேன்" என்று அழுதுகொண்டிருந்தாள். தம்பி, அது என் அழுகை. ஒரு வார்த்தை மாறாமல் நான் அழ வேண்டியதை அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நான் கால்மாட்டில் நின்று அழுதேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். "இப்படி வந்து உக்காருங்கம்மா. எந்த ஊரு? அண்ணனுக்கு என்ன வேணும் நீங்க?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

"தெரிஞ்சவங்களே இப்படி அழுவுறீங்களே, தங்கச்சி நான் எப்படித் தாங்குவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீ கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்ற என்னை, மயக்கம் போட்டுவிடுவீர்கள் என்று அவளே குடிக்கவைத்தாள். பெயர் கோவிந்தம்மாள். எதிர்வீடு. கூடப்பிறந்தவளா என்று நான் கேட்டேன். "பொறக்கல. பொறந்ததுக்கு மேல" என்றாள். "இவங்க பொண்ணு கல்யாணத்துல அத்தை மொறை செய்ய ஆளில்ல. ஒரு தங்கச்சி இருந்துச்சாம், சின்ன வயசுலயே போயிடுச்சாம் பாவம். வந்து நில்லும்மான்னு அண்ணன் கூப்ட்டுச்சு. அன்னையிலேர்ந்து நாந்தான் தங்கச்சி. ஒரு பொங்கலுக்குக்கூட வரிசை நின்னதில்ல. ஒரே ஒரு தொல்லைதான், பனங்கெழங்கக் கட்டுக் கட்டாக் கொண்டாந்து போடும். எனக்கு வாயு, ஆவாது. வேணாம்ண்ணேன்னா கேக்காது, தங்கச்சிக்குக் கெழங்கு வைக்காம வரிசையாம்மான்னு சொல்லும். அது தெருத் தாண்டுனதும் நான் பிள்ளைவளைக் கூப்ட்டுக் கொடுத்துடுவேன்."

நான் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணன் என்னை மறக்கவில்லை என்று நினைத்து நான் குளிர்ந்துபோயிருக்க வேண்டும், இல்லையா? நீ படிக்கிறபோது அப்படித்தான் நினைப்பாய். எனக்கு அது வரவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம். அது என் கிழங்கு. எனக்காக வெந்து, எனக்காகக் கட்டப்பட்டு, வாயுக்காரி ஒருத்தி வீட்டில் இறங்கி, நீடாமங்கலத்துத் தெருப்பிள்ளைகள் வாயில் போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் மேல்கூட எனக்குப் பொறாமை. அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. வெறுமனே கிடந்த இடத்தில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். அண்ணனுக்கும் வேறு வழி இல்லை, பெண் கல்யாணத்தில் அத்தை நிற்க வேண்டுமே. தலைமுழுகினால் அந்த இடம் நம் ஞாபகமாகக் காலியாகக் கிடக்கும் என்று நான் அத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன். கிடக்காது தம்பி. காரியங்கள் நிற்காமல் வருகின்றன, எல்லாக் காரியத்துக்கும் ஆள் வேண்டும். வாய்க்கரிசி போடும்போது மகளுக்கு அடுத்து, "தங்கச்சி வாம்மா" என்று அவளைக் கூப்பிட்டார்கள். நான் தெருக்காரர்களோடு வரிசையில் நின்று கடைசியில் போட்டேன். அரிசி அவர் கன்னத்தில் சிந்திவிட்டது. யாரோ தட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாயவில்லை. சரோஜா கொல்லையில் நின்றிருந்தாள். படியில் ஏறாமல் நின்ற என்னைப் பார்த்ததுமே, "யாரு போயிட்டா அக்கா?" என்றாள். "எங்கண்ணன்." அவள் குடத்தை எடுத்துவந்தாள். "குனிஞ்சுக்குங்க" என்று என் தலையில் ஊற்றினாள். அவருக்குத் தங்கச்சி என்ற முறையில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு குடம் தண்ணீர்தான். சாவு வீட்டுக்குப் போய்வந்த யாரும் குளிப்பார்கள், ஆனால் நான் கூடப்பிறந்தவள் பிடிக்கிற தீட்டு முழுவதும் பிடித்தேன், கோயில் பக்கம் போகவில்லை, விளக்கு ஏற்றவில்லை. நாலு நாள் கழித்து சரோஜா, "எங்கண்ணன்மாரை வந்து பாக்கச் சொல்லவா அக்கா?" என்று கேட்டாள். "வேணாம். ஒன் அண்ணன்மாரை நீயே வச்சுக்க" என்றேன். "இத்தன வருஷமா நீங்க கண்ணு வச்சும் தேயலையே, இப்ப என்ன தேஞ்சுடப்போறாங்க" என்றாள். எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறாள். கரும்பை நான் தட்டிவிட்டதுகூடத் தெரியும் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அதன் பிறகுதான் எனக்கு ஒழுங்காக அழ வந்தது.

இப்போது செல்விக்கு வருகிறேன். நீ போனை வைத்த மறுநாள் நான் வேதாரண்யத்துக்குப் பஸ் ஏறினேன். நீ சொன்ன வார்த்தையை அவளிடம் சொல்லவில்லை, உனக்கு வேலை இருக்கிறது, வர முடியாது போலிருக்கிறது என்றேன். அவள், "அண்ணன் வராதும்மா, எனக்குத் தெரியும்" என்றாள். மாப்பிள்ளை உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "மச்சான் வரலன்னா காதுகுத்தை நிறுத்த முடியுமா அத்தை? சாகுல் அண்ணன் மடியில உக்காத்திக்கிறோம். அவரு சரின்னுட்டாரு" என்றார். சாகுல் யார் என்று நீ கேட்பாய். பக்கத்து வீட்டுக்காரர், வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்து துணிக்கடை வைத்திருக்கிறார். புயலில் செல்வி வீட்டுக் கூரை பறந்தபோது அவர்கள் எல்லாரும் இருந்தது அவர் வீட்டில்தான். நீ அப்போது பணம் அனுப்பினாய், இல்லை என்று சொல்லவில்லை. செல்வி அவரை அண்ணே என்கிறாள். அந்தக் குட்டி அவரை மாமா என்கிறது. நான் இருக்கும்போதே அவர் வந்தார். பிள்ளை ஓடிப்போய் அவர் சட்டைப்பையில் கையை விட்டது, மிட்டாய் இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு உள்ளே சுருக்கென்றது. சரோஜாவின் அண்ணன் மீசை ஞாபகம் வந்தது.

நான் பார்த்த பார்வையிலேயே அந்த மனுஷருக்குப் புரிந்துவிட்டது போல. "அம்மா, எனக்கு சந்தோஷம்தான், இல்லேங்கல. ஆனா சொந்த மாமன் வந்து நின்னா நான் எந்திரிச்சுடுவேன். பிள்ளை அழுவுறப்ப மடி இல்லாமப் போயிடக் கூடாதேன்னுதான் உக்கார்றேன்" என்றார். இதற்கு மேல் ஒருத்தர் என்ன சொல்ல முடியும்?

அன்று சாயங்காலம் செல்வி அவர் கடைக்குப் போய்த் துணி எடுத்தாள். உனக்கும் வேட்டி சட்டை எடுக்க வேண்டும் என்றாள். "வராதுன்னு சொன்னியேடி?" என்றேன். "வராதுதான். அதுக்காக எடுக்காம இருக்க முடியுமா? அண்ணனுக்குச் சட்டை அளவு இப்ப முப்பத்தெட்டா, நாப்பதாம்மா? தொப்பை விழுந்திருக்குமா?" என்று கேட்டாள். "கையெழுத்துப் போடுவியா?" என்றேன். "அது போட மாட்டேன். அப்பா வரப்புல நின்ன நெலம். அண்ணன் என்னை எத்தனை திட்டினாலும் திட்டட்டும்" என்றாள். ஒரு கையால் உனக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இன்னொரு கையால் உனக்குச் சட்டைத்துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான். நான் பெற்ற மகள், இருந்தாலும் பொறாமைதான். அன்று வண்டிக்காரர் வாசலில் நின்றபோது எனக்கு அந்த வாய் இருந்ததா? எங்க வீட்டுக்காரர் பதிந்தது பதிந்ததுதான், அண்ணா நீயும் பொங்கலுக்கு வா என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியும் என்றே எனக்குத் தெரியாது. சண்டை போட்டுக்கொண்டே அண்ணன் தங்கச்சியாக இருக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்குத்தான் தெரியவில்லை.

நீ வரவில்லை என்றால் ஒன்றும் கெட்டுப்போகாது. அன்றைக்குக் காது குத்துவார்கள், விருந்து நடக்கும். அந்தச் சட்டை சாகுலுக்குப் போகும், அவருக்கு நன்றாகவே இருக்கும். ஊசி ஏறும்போது குட்டி அவர் விரலைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நான் அடுப்படிக்கு ஓட மாட்டேன், எதிரில் நின்று முழுசாகப் பார்ப்பேன், உனக்காகப் பொறாமைப்படுவேன். எனக்கு அது பழக்கம். உனக்குப் பழக்கம் இல்லை, அதனால்தான் பயப்படுகிறேன். பிறகு ஒருநாள், நிலமும் விலையும் மறந்துபோன ஒரு நாளில், நீ செல்வி வீட்டு வாசலில் போய் நிற்பாய். அங்கே எல்லாம் தெரிந்த மாதிரி நடமாடுகிற யாரோ ஒருத்தர், கெட்ட எண்ணமே இல்லாமல், உனக்கு நாற்காலி போட்டு, "எந்த ஊரு? செல்விக்கு என்ன வேணும் நீங்க?" என்று கேட்பார்கள். அதற்கு நான் சொன்ன பதிலை நீ சொல்லும்படி ஆகக் கூடாது.

கோபத்தை விடச் சொல்லவில்லை. கோபத்தோடேயே வா. வந்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவளிடம் கையெழுத்துக் கேட்டுச் சண்டை போடு, நான் நடுவில் வரமாட்டேன். நிறைய எழுதிவிட்டேன், விரல் வலிக்கிறது. நீ இதற்குப் பதிலாக ஒன்றும் விளக்கி எழுத வேண்டாம். செல்வி தைக்கக் கொடுக்காமல் துணியை வைத்திருக்கிறாள். முப்பத்தெட்டா நாற்பதா என்று மட்டும் எழுது.